எல்லப்பனை ஏன் இறக்கவில்லை

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தலைவலிக்கு மருந்தும் தவிப்புக்கு ஆறுதலும் தன் கடையில் சேர்த்தே தருகிற மருந்துக்கடை உலகநாதன் அவர்களே, மக்ரிபு தொழுகை முடிந்த கையோடு தொப்பியைக்கூடக் கழற்றாமல் முன்வரிசைக்கு வந்துவிட்ட ஜமாஅத்துப் பெரியவர்களே, வலையை மணலில் உலர்த்திவிட்டு வந்திருக்கும் குப்பத்துச் சகோதரர்களே, சேற்றுக் காலோடு நின்றாலும் சீர் குறையாமல் நிற்கும் உழவர்குடித் தோழர்களே, வேலிக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையம் எழுப்புவதற்காக எந்தெந்தத் திசையிலிருந்தோ வந்து, இன்று எங்களில் ஒருவராய் அமர்ந்திருக்கும் தொழிலாளர்களே, இடப்பக்கம் இடம் போதாமல் நெருங்கி அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் புதுப்பட்டினம் கால்பந்துக் கழகத்தின் செயலாளர், ஜவுளிக்கடை ஜெயினுலாபுதீனின் வணக்கமும் சலாமும்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் கைதட்ட வருவார்கள். நீங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் நெஞ்சில் இருப்பவை இரண்டே கேள்விகள். இந்த ஆண்டு நமக்கு அணி உண்டா, இல்லையா? அது ஒன்று. அன்றைக்கு எல்லப்பனை ஏன் இறக்கவில்லை? அது இன்னொன்று.

பின்னால் யாரோ "மொதல்ல ரெண்டாவதுக்குச் சொல்லு பாய்" என்கிறார். சொல்கிறேன் ஐயா. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இத்தனை நாளும் கடைவீதியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். என் கடைக் கதவில் சேற்றை அப்பிவிட்டுப் போனவருக்கும் சேர்த்தே சொல்ல வந்திருக்கிறேன்.

நம்முடைய கழகம் எப்படிப்பட்ட கழகம்? கோட்டை கட்டிய கழகமா? கொடி பறக்கும் கழகமா? உப்புக்காற்றில் ஊறிப்போன இரண்டு கோல் கம்பங்களும், ஒட்டுப்போட்ட பந்துகளும், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் கொண்ட கழகம். நம் ஆட்டக்காரர்கள் காலையில் மூட்டை தூக்குகிறார்கள், மீன் பெட்டி ஏற்றுகிறார்கள், துணி அளக்கிறார்கள். மாலையில் பந்து உதைக்கிறார்கள். நாம் தருவது பஸ் செலவும், பிரியாணியும், ஆட்டத்துக்கு ஏதோ ஒரு கைச்செலவும்தான். அப்படிப்பட்ட அணி, போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, செங்கல்பட்டு லீக்கில் முதல் பிரிவுக்கு ஏறியது. கடலோரத்திலிருந்து ஏறிய முதல் அணி. அன்று நீங்கள் இந்தத் தெருவிலே ஆடினீர்கள், பாடினீர்கள், என்னைத் தூக்கிச் சுமந்தீர்கள். நானும் சுமக்கச் சுலபமான ஆள் அல்ல.

ஆனால், அன்பர்களே, உயரே ஏறினால் ஊர்க் கண்ணெல்லாம் படும். பட்டணத்துக் கம்பெனிகளுக்கு இப்போது பந்தாட்டப் பித்து பிடித்திருக்கிறது. நல்ல காலும் நல்ல கையும் எங்கே இருக்கின்றன என்று மைதானம் மைதானமாக ஆள் அனுப்பித் தேடுகிறார்கள். பிடித்துப்போனால் வேலை கொடுக்கிறார்கள். பகலில் மிஷின், மாலையில் மைதானம், மாதம் பிறந்தால் சம்பளம். கண்ணியமான வேலை, கடைசிவரை வேலை. அந்தக் கண்கள் வந்து நின்ற இடம் நம் எல்லப்பனின் கைகள்.

எல்லப்பனை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? செங்கல் லாரியில் லோடு ஏற்றி இறக்குகிறவர். கோல் கம்பங்களுக்கு நடுவே அவர் நின்றால் எதிரணிக்குக் கம்பம் மூன்றாகத் தெரியும். செங்கல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளில் பந்து விழுந்தால், பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும்.

போன பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள். சனிக்கிழமை. மறுநாள் செங்கல்பட்டில் மதுராந்தகத்தோடு மோதல். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். சமன் செய்தால் போதும், தப்பிவிடலாம். ஊரே அடிவயிற்றில் நெருப்போடு திரிந்த நாள் அது. நான் கடையில் துணியை அளந்துகொண்டிருக்கிறேன், அளவு தப்பித் தப்பிப் போகிறது. அப்போது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். எல்லப்பனின் மனைவி சின்னப்பொண்ணு. நிறைமாதக் கர்ப்பிணி. வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள்.

"பாய், ஒங்க கையில ஒரு விசயம் கீது" என்றாள்.

"உக்காரும்மா. இன்னா விசயம்?"

"எங்க வூட்டுக்காரருக்குப் பட்டணத்துக் கம்பெனில வேலை குடுக்குறாங்க. திங்கக்கெழம காலைல டாக்டர் ஒடம்பு பாக்குறாரு. அதுவரைக்கும் எங்கியும் ஆடக் கூடாது, அடிபட்டுகினு வந்தா அடுத்த ஆளுக்குப் பூடும்னு சொல்லிட்டுப் போய்கிறாங்க. இவரு இன்னாடான்னா, யாராண்டையும் சொல்லாம, நாளைக்கு ஆடிட்டுதான் போவேன்னு நிக்கிறாரு. நா சொன்னா ஏறல. நீங்க சொன்னா கேப்பாரு."

  அவள் அழவில்லை. கெஞ்சவுமில்லை. தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்தாள்.

"லாரிலேர்ந்து வுழுந்து இவருகூட வேல பாத்தவரு இடுப்பு ஒடிஞ்சி கெடக்குறாரு பாய். இவரும் எத்தினி நாளைக்குக் கல்லு தூக்குவாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

தாய்மார்களே, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? மதுராந்தகத்தை ஜெயித்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்றா?

அன்று மாலை கமிட்டி கூடியது. கூச்சல், குமுறல், குழப்பம். நம் அணித் தலைவர் கிஃபாயத்துல்லா, எல்லோரும் ஓய்ந்த பிறகு சொன்னார்: "கோல்ல நா நிக்கிறேன். எல்லப்பன் மச்சானுக்கு ஒண்ணு ஆச்சின்னா அப்பறம் நா அவரு வூட்டுப் பக்கம் போவ முடியாது." கோல் அடிக்கிற ஆள், கோல் காக்கிறேன் என்றார்.  ஆனாலும் முடிவு அதுதான் என்று கூட்டத்தை முடித்தேன்.

எல்லப்பனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னா பாய், வெளாடுறியா? நா இல்லாம எப்டி?" என்றார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்களில் பாதிப் பேர் அந்த மைதானத்தில் இருந்தீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லப்பனும் வந்தார். வராதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? நம் கோல் கம்பத்துக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்தார். முதல் பாதியிலேயே அவர்கள் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு நம் பையன்கள் பதிலுக்கு ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. அந்தச் சமன் அப்படியே நிற்க வேண்டும். நிற்குமா, நிலைக்குமா? கடிகாரத்தைப் பார்க்கிறேன், முள் நகரவில்லை. மறுபடி பார்க்கிறேன், அப்போதும் நகரவில்லை.

இன்னும் கால்மணி நேரம் இருக்கும்போது மதுராந்தகத்துக்காரர் உதைத்த பந்தை கிஃபாயத்துல்லா தட்டிவிட்டார். தட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டார். இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கிவிட்டன. ரெஃபரி ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். மாற்றாள் யார் என்று கேட்கிறார்.

எல்லப்பன் சட்டையைக் கழற்றிவிட்டார். கழற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"பாய், கால்மணி நேரம்தான். ஜெர்சியக் குடு."

அவர் பதிவு பெற்ற ஆட்டக்காரர். சட்டம் தடுக்கவில்லை. நீங்களும் தடுக்கவில்லை. "எல்லப்பா, எல்லப்பா" என்று மைதானக் கரையெங்கும் ஒரே முழக்கம். அன்பர்களே, அந்த ஜெர்சி என் தோளில் கிடந்தது. எடுத்து நீட்டினால் போதும். ஊரின் மானம் தப்பும், உங்கள் உள்ளம் குளிரும், என் கடைக்குப் பூமாலை வந்து சேரும். நீட்டாவிட்டால்? கீழே கிடக்கிற கிஃபாயத்துல்லாவின் விரல்களைப் பார்த்தேன். எல்லப்பனின் விரல்களை நாளைக் காலை ஒரு டாக்டர் மடக்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

"இல்ல எல்லப்பா" என்றேன். "அப்துல் மாலிக், நீ போய் நில்லு."

எல்லப்பன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஆட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. என் மேல் மண்ணாங்கட்டி வந்து விழுந்தது. ஒன்றல்ல, பல. எறிந்தவர் இந்தக் கூட்டத்திலே இருக்கிறார். இல்லை, இல்லை, தலையைக் குனிய வேண்டாம் ஐயா. உங்கள் குறி நன்றாகத்தான் இருந்தது.

அப்துல் மாலிக் பின்வரிசை ஆட்டக்காரர். காலால் காப்பது தெரியும், கையால் காப்பது தெரியாது. முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு பந்து, வேகமில்லாத பந்து, எல்லப்பன் தூக்கத்தில்கூடப் பிடித்துவிடும் பந்து, அவர் கைக்குக் கீழே உருண்டு உள்ளே போய்விட்டது.

தோற்றோம். இறங்கினோம். திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து எல்லப்பன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிப் போனார்.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே பயம். ஆட்டமும் போய், இந்த வேலையும் போய்விட்டால்? டாக்டர் வேறு ஏதாவது சொல்லி அனுப்பிவிட்டால்? அப்போது நான் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்? சாயங்காலம் வரை அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்கால பஸ்ஸில் எல்லப்பன் வந்து இறங்கினார். அவரோடு வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதில் ஒருவருக்குக் கணுக்கால் வீங்கியிருந்ததாம். நம் எல்லப்பனின் ஒவ்வொரு விரலையும் டாக்டர் மடக்கிப் பார்த்தாராம். வேலை கிடைத்துவிட்டது.

இதோ, இந்த மேடையில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டணத்திலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறார். சின்னப்பொண்ணு தாய்மார்கள் பக்கம் மடியில் பெண் குழந்தையோடு இருக்கிறாள். இப்போதாவது கைதட்டலாமே. நன்றி. எல்லப்பன் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? நேற்றுத்தான் சொன்னார். "அன்னிக்கு ஒங்க மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சி பாய். இன்னும் கொஞ்சம் கீது." இருக்கட்டும் எல்லப்பா. அந்த ஆத்திரம் இல்லாதவன் நல்ல கோல் காப்பாளன் ஆக முடியாது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். அணி உண்டா?

இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதும் நம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பந்தை வெட்டி ஓடுகிற இரண்டு பேர் மதுராந்தகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேண்டாம், திட்ட வேண்டாம். நம் கழகத்தில் ஆடியவர்கள், எங்கே ஆடினாலும் நன்றாக ஆடட்டும். நானும் கமிட்டிக்காரர்களும் ஊர் ஊராகப் போய் ஆள் தேடினோம். சிங்கப்பெருமாள் கோயிலில் கேட்டோம், சதுரங்கப்பட்டினத்தில் கேட்டோம். தோற்ற அணிக்கு யார் வருவார்கள்? சிரித்து அனுப்பினார்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள், வேடந்தாங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பெயர் சம்பத். விவசாயக் குடும்பம். கோல் காப்பாளர். நான் தேடிப் போகவில்லை, அவராகவே வந்தார். எனக்குச் சந்தேகம். "எங்கள் கழகத்தில் சேர உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "எனுக்கும் ஒரு கம்பெனில வேலைக்குக் கூப்ட்டாங்க பாய். எங்க கிளப்புல போவ வுடல. பைனல் ஆடிட்டுப் போன்னாங்க. ஆடுனேன். முட்டி பூட்ச்சி. வேலையும் பூட்ச்சி. இப்பதான் கால் சரியாய்கீது. ஒங்க கிளப்புல ஆட்டத்தத் தோத்தாலும் ஆளப் போவ வுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆடுனா அந்த மாதிரி எடத்துல ஆடணும்."

எந்தக் கழகம் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அன்பர்களே, அணியைக் கட்டிய சேதி அதுதான். நாம் தோற்ற சேதி சிங்கப்பெருமாள் கோயில் தாண்டிப் போகவில்லை. நாம் ஒருவரைப் போக விட்ட சேதி வேடந்தாங்கல் வரை போயிருக்கிறது. சம்பத்துக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து பதினோரு பேர் ஆனோம். நேற்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

கிஃபாயத்துல்லா கடைக்கு வந்தார். விரல் ஆறிவிட்டது, முகம்தான் வாடியிருந்தது. "மாமா, குவைத்துல மச்சான் எனுக்கு வேலைக்கு ஏற்பாடு பண்ணிட்டாரு. அடுத்த வாரம் பம்பாய்ல கப்பல் ஏறணும். ரெண்டு தங்கச்சிங்க கீறாங்க. நீங்க இருன்னா இந்த சீசன் இருக்கேன். அதுக்கப்பறம் அந்த வேலை இருக்குமான்னு தெரியல" என்றார். அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா ராபியா நின்றார்.  இதோ, இப்போதும் அந்த ஓரத்தில் தலைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஊர் என்ன சொல்லுமோ என்று உட்கார்ந்திருக்கிறார்.

அமைதி, அமைதி. முணுமுணுக்க வேண்டாம். உங்கள் பயம் எனக்கும் உண்டு. நாளைக் காலை செங்கல்பட்டில் பெயர் கொடுக்க வேண்டும். பதினோரு பேர் இல்லாத கழகத்தை லீக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். கிஃபாயத்துல்லா இருந்தால் பதினொன்று. போனால் பத்து. கழகமே இல்லாமல் போகலாம். போன தடவை நானும் கமிட்டியும் முடிவெடுத்தோம், மண்ணாங்கட்டி வாங்கினேன். இந்தத் தடவை உங்களையே கேட்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு நாம் எதற்காகப் பந்தைக் கொடுத்தோம்? கட்டிப்போடவா? ஒருவன் காலில் திறமை இருக்கிறது என்பதற்காக அந்தக் காலுக்கு விலங்கு பூட்டுவதா? போக முடியாத இடத்துக்குப் பெயர் கழகமா, கொட்டடியா? நம்மிடம் ஆடினான், நம்மால் உயர்ந்தான், நம்மை விட்டுப் போனான் என்றால், அதில் நமக்குப் பெருமையா, சிறுமையா? கிஃபாயத்துல்லா குவைத்துக்குப் போகட்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒரு கைகூட இல்லையே.

காத்திருக்கிறேன்.

இதோ, தாய்மார்கள் பக்கம் ஒரு கை. குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கியிருப்பது சின்னப்பொண்ணு. அடுத்து பெரியவர் ஒருவர். குப்பத்துச் சகோதரர்கள். சம்பத். அப்துல் மாலிக். அந்தக் கோடியில் அது யார், மண்ணாங்கட்டி எறிந்தவரா? இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். இறக்குங்கள் ஐயா, இறக்குங்கள், போதும். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ராபியா அம்மா, தலையை நிமிர்த்திப் பாருங்கள். இவை உங்கள் மகனுக்காகத் தூக்கிய கைகள்.

அப்படியானால் நாம் பத்து.

யார் அது? வேலி ஓரத்தில் யாரோ ஏதோ சொல்கிறார். விளக்குப் பக்கம் வாருங்கள் தோழரே. வழிவிடுங்கள், வரட்டும். என்ன சொல்கிறீர்கள்?

"நான் ஆடட்டா அண்ணே?" என்று கேட்கிறார்.

உங்கள் பெயர்? தேவசகாயம். ஊர்? நாகர்கோவில் பக்கம். அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வெல்டராம். எந்த இடத்தில் ஆடுவீர்கள்?

"பந்து எங்க கெடக்கோ, அங்க."

சிரிக்காதீர்கள், நல்ல பதில். தேவசகாயம், மறைக்காமல் சொல்லுங்கள், எங்களோடு எத்தனை காலம் இருப்பீர்கள்?

"வேலை தீருதது வரைக்கும் இருப்பேன். அதுக்குப் பொறவு எங்க வேலை உண்டோ அங்க போவேன்."

கேட்டீர்களா அன்பர்களே? சேரும்போதே போவேன் என்று சொல்கிறார். இவரை நம்பிப் பருவம் முழுவதும் இருக்கலாமா? எனக்குத் தெரியாது. பாதியில் வேலை முடிந்து போய்விடுவாரா? அதுவும் தெரியாது. மாற்றாள் ஒருவர்கூட நம்மிடம் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பத்துப் பேரோடுதான் நிற்போம். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நாளைக் காலை முதல் பஸ்ஸில், பதினோராவது பெயராக இவருடைய பெயரையும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். வாருங்கள் தேவசகாயம், இருக்கும்வரை எங்களோடு ஆடுங்கள். போகிற நாளில் எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஒளிந்து போக வேண்டியதில்லை.

என் சொல்லைப் பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், மௌனத்தால் என்னை நடுங்க வைத்துப் பின் கைகளால் காப்பாற்றிய தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் என் உளமார்ந்த நன்றி. கிஃபாயத்துல்லா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேடைக்கு வாப்பா. உனக்கு மாலை போட எல்லப்பன் எழுந்து நிற்கிறார்.

உங்கள் அனைவருக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். வணக்கம்.